அன்றாடப் பொருளில் ஆவிக்குரிய பாடம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலத்தில் வாரந்தோறும் கூடும் ஒரு வீட்டு ஜெபக்கூட்டத்தையும், மாதத்தில் ஒரு சனிக்கிழமை ஏற்காட்டில் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் சேர்ந்து வரும் வேதபாட வகுப்பையும் நடத்துவதில் பல ஆண்டுகளாகப் பங்கெடுத்து வருகிறேன். நான் போதகர் அல்லன்; இறையியல் கல்லூரியில் பயின்றவனும் அல்லன். கையில் படும் பொருளிலிருந்தும் அன்றாடம் செய்யும் வேலையிலிருந்தும் ஆவிக்குரிய பாடம் கற்பதைப் பற்றி நாங்கள் பேசத் தொடங்கிய நாளிலிருந்து, ஆள் மாறினாலும் கேள்வி மாறாமல் வந்துகொண்டே இருக்கிறது. ஆகவே, கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதி, என் பதில்களையும் சேர்த்திருக்கிறேன். வசனங்கள் எங்கள் சபையில் வழங்கும் பழைய மொழிபெயர்ப்பைச் சார்ந்தவை. கத்தோலிக்க நண்பர்கள் தங்கள் விவிலியத்தில் அதே இடங்களைப் பார்த்துக்கொள்ளலாம்.

அன்றாட வாழ்க்கையில் ஆவிக்குரிய பாடம் என்றால் என்ன? பிரசங்கத்தில் சொல்லும் உதாரணக் கதையும் இதுவும் ஒன்றுதானே?

ஒன்றல்ல. பிரசங்கம் செய்கிறவர் தாம் சொல்ல வேண்டிய கருத்தை முதலில் முடிவுசெய்துகொண்டு, அதற்குப் பொருத்தமான கதையைப் பிறகு தேடுகிறார். அது அவருடைய பணிக்குத் தேவையானது. அதில் குறை சொல்வதற்கில்லை. நான் பேசுவது இதற்கு எதிர்த்திசையில் நடப்பது. முன்னால் இருக்கும் பொருளை, அது எப்படி இருக்கிறதோ அப்படியே, அவசரப்படாமல் பார்ப்பது முதலில். வேதத்தில் நாம் ஏற்கெனவே கேட்டறிந்த ஓர் உண்மை அதன் வழியாகத் தெளிவடைவது பிறகு.

புதிய உபதேசம் எதுவும் இதிலே பிறப்பதில்லை. பலமுறை வாசித்தும் மனதில் ஒட்டாமல் போன ஒரு வசனம், கைக்குப் பழகிய ஒரு வேலையோடு சேர்ந்தபின் மறக்காமல் நிற்கிறது, அவ்வளவுதான்.

இதற்கு வேதத்தில் ஆதாரம் இருக்கிறதா, அல்லது நாமாக ஏற்படுத்திக்கொண்ட பழக்கமா?

ஆதாரம் நிறையவே இருக்கிறது. “சோம்பேறியே, நீ எறும்பினிடத்தில் போய், அதின் வழிகளைப் பார்த்து, ஞானத்தைக் கற்றுக்கொள்” என்று நீதிமொழிகள் 6-ஆம் அதிகாரம் நேரடியாகவே கட்டளையிடுகிறது. அதே புத்தகத்தின் 24-ஆம் அதிகாரத்தில் ஒருவர் சோம்பேறியின் வயல் வழியாக நடந்துபோகிறார். முள்ளும் காஞ்சொறியும் மூடி, கல்மதில் இடிந்துகிடப்பதைக் காண்கிறார். கண்டதைச் சிந்தித்துப் புத்தியடைந்ததாகச் சொல்லுகிறார். கடந்துபோனார், கண்டார், சிந்தித்தார், பிறகுதான் புத்தியடைந்தார் என்ற அந்த வரிசையைக் கவனியுங்கள். எரேமியா குயவன் வீட்டுக்கு அனுப்பப்பட்டார். ஆமோஸ் தூக்குநூலைக் கண்டார்.

இயேசு கிறிஸ்து கையாண்ட பொருள்களோ விதை, புளித்த மா, உப்பு, விளக்கு, காணாமற்போன வெள்ளிக்காசு, பழைய வஸ்திரத்தில் வைக்கக்கூடாத கோடித்துண்டு ஆகியவை. “காட்டுப் புஷ்பங்கள் எப்படி வளருகிறதென்று கவனித்துப்பாருங்கள்” என்றார். கவனிப்பது கட்டளையாகவே வந்திருக்கும்போது அதை விருப்பமுள்ளவர்களுக்கான பொழுதுபோக்காகக் கருத எனக்கு மனம் வருவதில்லை.

காலையில் எழுந்து சமைத்துவிட்டு, பஸ் பிடித்து சேகோ ஆலைக்குப் போய், இருட்டியபின் வீடு திரும்புகிறேன். எனக்கு ஒன்றுமே தோன்றுவதில்லையே ஐயா, எங்கே தொடங்குவது?

தோன்றவேண்டும் என்று காத்திருப்பதை விட்டுவிடுங்கள். உங்கள் கைக்கு நன்றாகத் தெரிந்த வேலை ஒன்றை எடுத்துக்கொண்டு, அதை அறியாத ஒருவருக்கு விளக்குவதுபோல் உங்களுக்கு நீங்களே சொல்லிப் பாருங்கள். இந்தக் கேள்வியைக் கேட்ட சகோதரியிடம் அப்படித்தான் ஜவ்வரிசி எப்படி உண்டாகிறது என்று கேட்டேன். மரவள்ளிக் கிழங்கைத் தோலுரித்து, கழுவி, அரைத்து, சலித்து எடுத்த பாலைத் தொட்டியில் விடுவார்கள் என்றும், அந்தப் பாலைக் கலக்காமல் விட்டுவைத்தால் மாவு அடியில் தங்கி, கலங்கல் நீர் மேலே நிற்கும் என்றும், அந்த நேரத்தில் யாராவது கையை விட்டால் எல்லாம் மீண்டும் கலங்கிப்போகும் என்றும் சொல்லிக்கொண்டே வந்தவர், திடீரென்று நிறுத்திவிட்டு, “நீங்கள் அமர்ந்திருந்து, நானே தேவனென்று அறிந்துகொள்ளுங்கள்” என்ற 46-ஆம் சங்கீதத்தின் வசனத்தைத் தாமே சொன்னார். அந்தத் தொட்டியை அவர் எத்தனையோ ஆண்டுகளாகப் பார்த்திருக்கிறார். வாய்விட்டு விளக்கியது அன்றுதான் முதல்முறை.

சமையலறையைப் பற்றி ஒரு சொல். 17-ஆம் நூற்றாண்டில் பாரிஸ் நகரத்துக் கார்மேல் மடத்தில் சமையல் வேலை செய்த சகோதரர் லாரன்ஸ் என்பவர், பாத்திரங்களின் சத்தத்துக்கு நடுவிலும் ஆலயத்தில் முழங்காலில் இருப்பதுபோலவே தேவசமுகத்தில் இருக்கக் கற்றுக்கொண்டவர் என்று பெயர்பெற்றார். ஒவ்வொரு பாத்திரத்திலும் அவர் ஒரு பாடத்தைத் தேடிக்கொண்டிருக்கவில்லை. இதைப் பின்னால் வேறொரு கேள்வியில் மீண்டும் எடுத்துக்கொள்வோம்.

இயற்கையில்தானே தேவனுடைய கை தெரியும்? ஆலை, இயந்திரம், அணை போன்ற மனிதர் செய்தவற்றிலும் பார்க்கலாமா?

தாராளமாகப் பார்க்கலாம். மேலே சொன்ன தூக்குநூலும் விளக்கும் வெள்ளிக்காசும் மனிதர் செய்தவைதாம். மேட்டூர் அணை 1934-இல் கட்டி முடிக்கப்பட்டது. அதன் நீர்மட்டம் 120 அடியைத் தொட்டதா என்று நம் மாவட்டத்தில் நாள்தோறும் விசாரிக்கிறோம். ஆனால் வழக்கப்படி ஜூன் 12-ஆம் தேதி திறக்கப்படும் தண்ணீரில் பெரும்பகுதி நாம் பார்த்திராத டெல்டா வயல்களுக்குப் போகிறது. தன் களஞ்சியங்களை இடித்துப் பெரிதாகக் கட்ட நினைத்த ஐசுவரியவானின் கதையை லூக்கா 12-இல் வாசிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த மதகுகள் நினைவுக்கு வருகின்றன.

நாங்கள் அறிந்தது காப்பித் தோட்டம் ஒன்றுதான். வேதத்தில் காப்பியே இல்லையே, அதில் என்ன பாடம் கிடைக்கும்?

காப்பி வேதத்தில் இல்லை என்பது உண்மைதான். ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலைக்கே அது 1820-களில், சேலத்தின் ஆட்சியராக இருந்த காக்பர்ன் என்பவர் காலத்தில்தான் வந்தது. ஆனால் விதைக்கிறவனும் அறுக்கிறவனும் திராட்சத்தோட்டக்காரரும் வேதத்தில் இருக்கிறார்கள். தோட்ட வேலை அறிந்தவர்களுக்கு அந்தப் பகுதிகள் நகரத்தில் வளர்ந்த என்னைப் போன்றவர்களைவிட எளிதாகவே விளங்குகின்றன. ஏற்காட்டு வகுப்பில் நான் சொல்லிக்கொடுத்ததைவிடக் கேட்டுக்கொண்டது அதிகம்.

பழம் எடுக்கும் வேலையையே பாருங்கள். ஒரே கிளையில், ஒரே கொத்தில் சிவந்த பழமும் பச்சைக் காயும் சேர்ந்தே இருக்கின்றன. கிளையைப் பிடித்து ஒரே இழுவையில் உருவினால் வேலை சீக்கிரம் முடியும். ஆனால் காயும் சேர்ந்து வந்து, அந்தக் காப்பியின் தரமே கெட்டுவிடும். அதனால் பழுத்ததை மட்டும் விரலால் கிள்ளி எடுத்துவிட்டு, சில வாரங்கள் கழித்து அதே செடிக்குத் திரும்பி வருகிறார்கள்; நவம்பர் தொடங்கி ஜனவரி வரை இப்படிப் பல சுற்று நடக்கிறது. ஒரு குடும்பத்தில் ஒரே ஜெபத்தைக் கேட்டு வளர்ந்த நான்கு பிள்ளைகளில் ஒருவன் மட்டும் இன்னும் பச்சையாக இருப்பதைக் கண்டு கலங்கும் தாய்க்கு, பழம் எடுக்கும் பெண் சொல்லக்கூடிய ஆறுதலை என்னால் சொல்ல முடியாது. “இன்னொரு சுத்து வருவோம்” என்பார் அவர், அவ்வளவுதான்.

நிழலைப் பற்றியும் கேட்டுக்கொண்டேன். அராபிகா காப்பிக்கு நிழல் வேண்டும். வெயில் நேராக விழும் செடிகளைத்தான் வெள்ளைத் தண்டு துளைப்பான் என்ற பூச்சி அதிகம் தாக்குகிறது. “கர்த்தர் உன் வலதுபக்கத்தில் உனக்கு நிழலாயிருக்கிறார்” என்ற 121-ஆம் சங்கீதத்துக்கு இதைவிட நல்ல விளக்கம் கிடைப்பது அரிது. ஆனால் நிழல் மிகுந்துபோனால் காய்ப்புக் குறையும் என்பதால், மழைக்காலத்துக்கு முன் நிழல்மரங்களின் கிளைகளைக் கழிக்கிறார்கள் என்பதையும் அவர்களே சேர்த்துச் சொன்னார்கள். பாதியைச் சொல்லி மீதியை விழுங்குவது பாடத்தைக் கெடுக்கும்.

வெள்ளியில் தன் முகம் தெரியும் வரைக்கும் தட்டான் புடமிடுவான் என்று பிரசங்கத்தில் கேட்டேன். எங்கள் வீட்டிலேயே கொலுசு வேலைதான். அப்படி யாரும் பார்த்ததில்லை. அந்தக் கதை உண்மையா?

அந்தக் கதை மல்கியா 3-ஆம் அதிகாரத்தோடு சேர்த்துச் சொல்லப்படுவது. தேவன் நம்மைப் பாடுகளாகிய நெருப்பில் வைத்து, தம்முடைய சாயல் நம்மில் தெரியும் மட்டும் புடமிடுகிறார் என்பது அதன் கருத்து. அழகான கருத்துதான், ஆனால் அந்த வசனத்தில் முகம் தெரிவதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. வெள்ளி உருகுவதற்கு ஏறக்குறைய 961 டிகிரி வெப்பம் வேண்டும். வெள்ளியை உருக்கும் மூசைக்கு மேல் குனிந்து முகம் பார்க்க நினைப்பவரின் கதி என்னவாகும் என்பதைச் செவ்வாய்ப்பேட்டைப் பட்டறைகளில் எந்தச் சிறுவனும் சொல்லிவிடுவான்.

கதைக்கு ஒரு சிறு வேர் இருக்கலாம். பழங்காலத்தில் வெள்ளியை ஈயத்தோடு சேர்த்து உருக்குவார்கள். மற்ற உலோகங்களின் கசடை ஈயம் இழுத்துக்கொண்டு போய்விடும். கடைசிப் படலமும் நீங்கும் நொடியில் வெள்ளியின் மேற்பரப்பு சட்டென்று பளிச்சிடும். அந்தப் பளிச்சிடலைப் பார்த்துத்தான் வேலை முடிந்ததென்று அறிந்தார்கள். எரேமியா 6-ஆம் அதிகாரத்தில் இந்த ஈயமும் துருத்தியும் வருகின்றன. அங்கே முடிவு மகிழ்ச்சியானதல்ல. ஈயம் தீர்ந்துபோனது, புடமிட்டவனுடைய உழைப்பு வீணாயிற்று, பொல்லாப்பு நீங்கவில்லை என்று தீர்க்கதரிசி புலம்புகிறார். முகம் தெரியும் கதையில் இந்த அச்சத்துக்கு இடமே இல்லை.

இதைக் கேட்ட சகோதரரிடம், உங்கள் வீட்டில் வெள்ளி உருகும்போது உலையை விட்டு எழுந்து போவீர்களா என்று திருப்பிக் கேட்டேன். “எப்படிங்க போறது, கண்ணு அதுலயேதான இருக்கணும்” என்றார். மல்கியாவின் வசனத்தை மறுபடியும் வாசித்தோம்: “அவர் உட்கார்ந்து வெள்ளியைப் புடமிட்டுச் சுத்திகரித்துக்கொண்டிருப்பார்.” முகம் இல்லை, ஆனால் ‘உட்கார்ந்து’ என்ற சொல் இருக்கிறது. அத்தனை ஆண்டுகள் அந்தச் சொல்லைத் தாண்டிப்போயிருக்கிறேன்.

ஒரே பொருளில் எனக்கு ஒரு பாடமும் என் வீட்டுக்காரருக்கு நேர்மாறான பாடமும் தோன்றுகிறது. எது சரி?

இரண்டும் சரியாக இருக்கலாம். மத்தேயு 13-இல் புளித்த மா பரலோகராஜ்யத்துக்கு ஒப்பாகிறது. 16-இல் அதே புளித்த மா பரிசேயரின் உபதேசத்துக்கு ஒப்பாகி, எச்சரிக்கையாக இருக்கும்படி சொல்லப்படுகிறது. சிங்கம் ஓரிடத்தில் யூதா கோத்திரத்துச் சிங்கமாகிய கிறிஸ்து, வேறோரிடத்தில் கெர்ச்சித்துச் சுற்றித்திரியும் பிசாசு. பொருள் ஒன்றுக்கு அர்த்தம் ஒன்றுதான் என்று அகராதிபோல் வைத்துக்கொள்ள முடியாது.

கைத்தறி நெய்யும் அம்மாப்பேட்டைக் குடும்பம் ஒன்றில் இப்படி ஒரு விவாதம் நடந்தது. “என் நாட்கள் நெய்கிறவன் எறிகிற நாடாவிலும் தீவிரமாய் ஓடுகிறது, அவைகள் நம்பிக்கையில்லாமல் முடிந்துபோகும்” என்று யோபு 7-இல் இருக்கிறது. கணவருக்கு அது வாழ்நாளின் விரைவைச் சொல்லும் துயரமாகப் பட்டது. மனைவிக்கோ, நாடா எவ்வளவு விரைவாக ஓடுகிறதோ அவ்வளவுக்குத் துணி வளர்கிறதே என்று பட்டது. அந்த வசனத்தில் ‘நம்பிக்கை’ என்று வரும் எபிரெயச் சொல் திக்வா என்பது. அதற்கு நூல், கயிறு என்ற பொருளும் உண்டு. ராகாப் தன் ஜன்னலில் கட்டிய சிவப்பு நூற்கயிற்றுக்கும் யோசுவா 2-இல் அதே சொல்தான். ஆகவே, தாரில், அதாவது உள்ளே நூல் சுற்றிவைத்த குச்சியில், நூல் தீர்ந்துபோன நாடாவையும் யோபு மனதில் கொண்டிருக்கலாம் என்று சொன்னதும், இருவரும் சிறிது நேரம் பேசவில்லை. யோபுவின் துயரத்தை மாற்றிச் சொல்ல நமக்கு உரிமையில்லை. தம் தறியில் அந்த அம்மாள் கண்டது பொய்யுமில்லை.

எனக்குத் தோன்றியது ஆண்டவர் பேசினதா, என் மனம் கற்பித்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பெரும்பாலும் தெரிந்துகொள்ளத் தேவையில்லை என்பதே என் எண்ணம். தோன்றியது வேதத்தின் தெளிவான போதனையோடு ஒத்துப்போகுமானால், அது யார் வழியாக வந்தாலும் கைக்கொள்ளத்தக்கதே. ஒத்துப்போகாவிட்டால், வானத்திலிருந்து சத்தம் கேட்டதுபோல் இருந்தாலும் தள்ளத்தக்கதே. “கர்த்தர் என்னோடு பேசினார்” என்று சொல்லிப் பிறர் வாயை அடைப்பதைவிட, “எனக்கு இப்படித் தோன்றியது” என்று சொல்வது தாழ்மையும் பாதுகாப்புமானது.

இன்னொரு சோதனையும் உண்டு, இதை நான் அனுபவத்தில் கண்டிருக்கிறேன். பாடம் யாரைக் குற்றப்படுத்துகிறது என்று பாருங்கள். நான் காணும் பாடங்களெல்லாம் என் மைத்துனருக்கோ பக்கத்து வீட்டாருக்கோ சபைக் கமிட்டிக்கோ பொருந்தி, எனக்கு மட்டும் பொருந்தாமல் இருந்தால், நான் பார்த்துக்கொண்டிருப்பது பொருளையல்ல.

பஸ் தவறிப்போனது, பால் பொங்கி வழிந்தது, பல்லி கத்தியது, இவையெல்லாம் ஆண்டவர் காட்டும் அடையாளங்களா? அப்படியானால் சகுனம் பார்ப்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

மிகவும் முக்கியமான கேள்வி இது. கேட்டவர் கல்லூரி மாணவர். சகுனம் வருங்காலத்தைக் கேட்கிறது: போகலாமா, வேண்டாமா, நடக்குமா, நடக்காதா. பாடமோ இன்றைக்கு நான் எப்படி இருக்கிறேன் என்று கேட்கிறது. பல்லியை விட்டுவிட்டுப் பஸ்ஸை வைத்து முடிவெடுத்தால் சகுனம் கிறிஸ்தவமாகிவிடாது. பஸ் தவறியதிலிருந்து என் பொறுமையின் அளவை நான் தெரிந்துகொள்ளலாம். அந்த வேலைக்கு விண்ணப்பிக்கக்கூடாது என்று தெரிந்துகொள்ள முடியாது.

கிதியோன் தோலைப் போட்டு அடையாளம் கேட்டாரே என்பார்கள். கேட்டார், ஆனால் தேவன் அவரிடம் செய்யவேண்டியதை அதற்கு முன்பே தெளிவாகச் சொல்லியிருந்தார், கேட்கும்போதே கிதியோனுக்குத் தேவகோபத்தைப் பற்றிய பயமும் இருந்தது. “காற்றைக் கவனிக்கிறவன் விதைக்கமாட்டான்” என்று பிரசங்கி 11-இல் இருப்பதையும் இதோடு சேர்த்து வாசியுங்கள்.

என் தங்கை கைக்குழந்தையை இழந்தாள். வந்தவர்கள் எல்லாரும் இதில் ஆண்டவர் ஒரு பாடம் வைத்திருக்கிறார் என்றே சொன்னார்கள். அவள் இப்போது ஆலயத்துக்கே வருவதில்லை. அவர்கள் சொன்னது தவறா?

தவறு என்றே சொல்வேன். அவர்கள் சொன்ன வாக்கியம் தனியே எடுத்துப் பார்க்கும்போது உபதேசப்படி பிழையில்லாமல் இருக்கலாம். சொன்ன இடமும் நேரமும் வாயும் தவறு. யோபுவின் நண்பர்கள் முதல் ஏழு நாள் இரவும் பகலும் தரையில் உட்கார்ந்து ஒரு வார்த்தையும் பேசாமல் இருந்தார்கள். அவர்கள் செய்ததில் நல்லது அது ஒன்றுதான். பிறகு வாய்திறந்து, யோபுவின் துயரத்திலிருந்து அதிகாரம் அதிகாரமாகப் பாடம் எடுத்தார்கள். கடைசியில் தேவகோபம் அவர்கள்மேல்தான் மூண்டது. சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் இறந்ததைப் பற்றிப் பேசும்போதும், இறந்தவர்கள் மற்றவர்களைவிடப் பாவிகள் என்று எண்ணுகிறீர்களோ என்று கேட்டு, அந்தக் கணக்கையே இயேசு மறுத்துவிட்டார்.

நானும் இதில் குற்றவாளி. காப்பிச் செடியின் மொட்டு வறட்சியில் உறங்கிக் கிடந்து, மார்ச் ஏப்ரலில் பூமழை பெய்த பின் எட்டுப் பத்து நாளில் மலை முழுவதும் வெள்ளையாகப் பூக்கிறது. முன்னால் அந்த வறட்சி இல்லாவிட்டால் மழை வந்தாலும் ஒருசேரப் பூக்காது. இதை அறிந்த உற்சாகத்தில், கணவரை இழந்து மூன்று மாதமே ஆன ஒரு சகோதரி முன்வரிசையில் உட்கார்ந்திருந்த கூட்டத்தில், வறட்சியும் தேவையே என்று பேசிவிட்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. என் மனைவி வீட்டுக்கு வந்ததும் சொன்னாள். செடியைப் பற்றி நான் சொன்னது அத்தனையும் உண்மை. துயரத்திலிருந்து பாடம் கற்க உரிமையுள்ளவர் துயரப்படுகிறவர் மட்டுமே. அவரும் எப்போதாவது, தாமாகவே சொல்ல வேண்டும். மற்றவர்களுக்கு ரோமர் 12-இல் இருக்கும் வேலை வேறு: “அழுகிறவர்களுடனே அழுங்கள்.” உங்கள் தங்கையிடம் இப்போது ஆலயத்தைப் பற்றிப் பேச வேண்டாம், அவர் வீட்டுக்குப் போய் அரிசி களைந்து கொடுங்கள்.

பிள்ளைகளுக்கு இப்படிச் சொல்லிக்கொடுக்கப் பார்த்தால், ‘மறுபடியும் பிரசங்கமா அம்மா’ என்கிறான் என் மகன். என்ன செய்வது?

அவன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. வீட்டில் உட்காரும்போதும் வழியில் நடக்கும்போதும் பிள்ளைகளோடு பேசும்படி உபாகமம் 6 சொல்கிறது. ஆனால் யோர்தானிலிருந்து எடுத்துவைத்த 12 கற்களைப் பற்றி யோசுவா 4-இல், “பிள்ளைகள் கேட்கும்போது” சொல்லுங்கள் என்று இருக்கிறது. கல்லை நட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். பொருளைக் காட்டுங்கள், அது எப்படி வேலை செய்கிறது என்று சொல்லுங்கள், வாயை மூடிக்கொள்ளுங்கள். கேட்டால் ஒரு வரியில் பதில். கேட்காவிட்டால் அதுவும் நட்டமில்லை.

என்னோடு வேலை செய்கிறவர்கள் எல்லாரும் இந்துக்கள். ஆடி மாதத் திருவிழாவில் அவர்களிடம் கண்ட நல்லதிலிருந்து கிறிஸ்தவன் பாடம் எடுக்கலாமா?

எடுக்கலாம். ஆடியில் கோட்டை மாரியம்மன் திருவிழாவின்போது, தெருவில் போகிற வருகிற எவருக்கும் யார் என்று கேட்காமல் கூழ் ஊற்றுகிறவர்களைப் பார்க்கிறோம். விருந்து செய்யும்போது திரும்ப அழைக்க முடியாத ஏழைகளை அழையுங்கள் என்ற லூக்கா 14-இன் வார்த்தையை நம் சபை விருந்துகளில் நாம் எந்த அளவுக்குக் கைக்கொள்கிறோம் என்று அந்தப் பானை என்னைக் கேட்கிறது. வழிபாட்டில் பங்குகொள்வது வேறு கேள்வி. அதை உங்கள் மனச்சாட்சியும் உங்கள் ஆயரும் அறிவார்கள். இயேசு நூற்றுக்கு அதிபதியின் விசுவாசத்தைக் கண்டு ஆச்சரியப்பட்டார், அயலானுக்கு அடையாளமாகச் சமாரியனைக் காட்டினார். பவுல் ஆத்தேனே பட்டணத்தில் அவ்வூர்ப் புலவர்களின் வரியையே எடுத்துப் பேசினார். 1886-இல் திருக்குறளை ஆங்கிலத்தில் வெளியிட்ட ஜி. யு. போப் ஒரு மிஷனரிதான்.

ஓர் எச்சரிக்கை மட்டும். ‘அவர்கள் அறியாமலே செய்கிறார்கள், அர்த்தம் நமக்குத்தான் தெரியும்’ என்ற தொனி வேண்டாம். அவர்கள் அறிந்துதான் செய்கிறார்கள். அந்த நன்மை அவர்களுடையது. பாடம் மட்டும் நம்முடையது.

கண்ட பாடங்களை எழுதி வைக்க வேண்டுமா?

விருப்பம்போல். 16-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த புனித இஞ்ஞாசியார் நாளின் நிகழ்ச்சிகளைத் திரும்பிப் பார்த்துத் தேவனுக்கு நன்றி சொல்லி, தன்னை ஆராயும் முறையைக் கற்றுக்கொடுத்தார். கத்தோலிக்க நண்பர்கள் இதை நன்கு அறிவார்கள். தேதியும் பொருளும் வசன எண்ணும் சேர்ந்து இரண்டு வரி போதும். நான்கு பக்கம் எழுதினால் பிறருக்கு வாசித்துக் காட்டும் ஆசை வந்துவிடும்.

எல்லா நேரமும் இப்படியே பார்த்துக்கொண்டிருந்தால் அலுத்துப்போகாதா? ஏற்காட்டுக்குச் சும்மா போய்க் காற்று வாங்கிவிட்டு வரக்கூடாதா?

வரலாம், வரவும் வேண்டும். சகோதரர் லாரன்ஸைப் பற்றி முன்பு சொன்னதை இங்கே நினைத்துக்கொள்ளுங்கள்: தேவசமுகத்தில் இருப்பதற்குப் பாடம் கட்டாயமில்லை. ஏழாம் நாளில் தேவன் ஓய்ந்திருந்தார்.

மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளை வைத்து ஒரு பிரசங்கமாவது கேட்காத சேலத்துக் கிறிஸ்தவர் இருக்க முடியாது. வழி பின்னோக்கித் திரும்புவதுபோல் இருந்தாலும் உயரம் கூடிக்கொண்டே போகிறது என்பார்கள். உண்மைதான், கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. ஒருநாள் சும்மா ஜன்னலோரம் உட்கார்ந்து போய்க்கொண்டிருந்தபோது, குறுகலான ஓரிடத்தில் இறங்கி வந்த கார் ஒதுங்கி நின்று எங்கள் பஸ்ஸுக்கு வழிவிட்டது. மலையில் ஏறுகிற வண்டிக்குத்தான் முதல் உரிமை, இறங்குகிறவர் நிற்க வேண்டும் என்பது விதி என்று ஓட்டுநர் சொன்னார். ஏறுகிற வண்டி நடுவில் நின்றுவிட்டால் மீண்டும் கிளம்புவது கடினம். “பலமுள்ளவர்களாகிய நாம் நமக்கே பிரியமாய் நடவாமல், பலவீனருடைய பலவீனங்களைத் தாங்கவேண்டும்” என்ற ரோமர் 15-இன் வசனம் அப்போது நினைவுக்கு வந்தது. நான் எதையும் தேடிக்கொண்டிருக்கவில்லை.

பொருளைப் பற்றி நாம் எண்ணியது தவறென்று பிறகு தெரிந்தால், அதிலிருந்து கற்ற பாடத்தையும் விட்டுவிட வேண்டுமா?

வசனத்தை விட வேண்டியதில்லை. அந்த உதாரணத்தை விட்டுவிட வேண்டும். வெள்ளியில் முகம் பார்க்கும் கதையை விட்டோம், மல்கியாவை விடவில்லை. கதை பொய்யென்று தெரிந்தபின்னும் பலன் தருகிறதே என்று தொடர்ந்து சொல்வது, சத்தியத்தைப் பொய்யின்மேல் நிறுத்துவதாகும். என் அனுபவத்தில் உதாரணம் உடையும்போது அதைவிட நல்லது ஒன்று பெரும்பாலும் கிடைக்கிறது.

காப்பித் தோட்டங்களில் நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக் மரத்தைக் காட்டி, தனக்கென்று ஒன்றும் காய்க்காமல் பிறருக்கு நிழல் தருவதற்காகவே நிற்கிறது இந்த மரம், இதுவே தன்னலமற்ற ஊழியம் என்று ஏற்காட்டு வகுப்பில் உருக்கமாகப் பேசினேன். பின்வரிசையில் இருந்த வயதான அம்மாள் ஒருவர் சிரிப்பை அடக்கமுடியாமல், “அந்த மரத்துலதாங்க மொளகுக்கொடி ஏறுது. மொளகும் காசு, மரத்த வெட்டுனா அதுவும் காசு. சும்மா நிக்கல அது” என்றார். வகுப்பே சிரித்தது, நானும் சிரித்தேன். அப்படியானால் அந்த மரத்தில் நீங்கள் என்னதான் பார்க்கிறீர்கள் என்று அவரைக் கேட்டேன். யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு, அடுத்த மாதம் ஒரு மிளகுக்கொடித் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தார்; கணுவுக்குக் கணு வேர்விட்டு மரத்தைப் பற்றிக்கொள்ளும் விதத்தைக் காட்டி, அன்றைய வகுப்பை அவரே நடத்தினார்.